காற்று வரும் பக்கம்

மண்ணைத் தோண்டிப் பிழைக்கிறவனுக்கு நிழல் என்றால் கொஞ்சம் சபலம் உண்டு. புதிய மனைக்குப் போனதும் மரம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த மனையில் ஒன்றே ஒன்று இருந்தது. பின்பக்க மூலையில், அகலமாகக் கிளை பரப்பி நின்றது. அதன் அடியில் பையை வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, இங்கிருந்தே வேலையை ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். வேறெங்கு ஆரம்பித்திருந்தாலும் கடைசியில் அங்கே வந்துதான் சேர்ந்திருப்பேன். அதனால் நிழலின் மேல் பழி போடப் போவதில்லை.

விசாரணைக்கு அழைத்து, முதலில் என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டீர்கள். ஓரிடத்தில் கட்டடம் எழுப்பும் முன் அந்த மண்ணில் மனிதருக்கு ஆகாதது ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. மனையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். கட்டத்துக்கு ஒரு குழி தோண்டி, மண்ணை எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம். எண்ணெய், ஈயம், கல்நார் என்று அவர்கள் தேடிப் பார்ப்பார்கள். கல்நார் என்றால் வேறொன்றுமில்லை, ஆஸ்பெஸ்டாஸ்தான். கூரை ஷீட்டாகக் கெட்டியாக இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. பொடிந்து தூசியாகிவிட்டால் அதன் இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். தங்கிய பிறகும் அவசரப்படாது. இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

அந்த மனையில் முன்பு ஒரு பெரிய சலவைக்கூடம் இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுத்த இடம். அதை இடித்துத் தரைமட்டமாக்கிப் பல காலம் ஆகியிருந்தது. இப்போது அங்கே சிறு பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் கட்டுவதாக இருந்தார்கள். கட்டப் போகிறவள் என் அக்கா.

உறவுக்காரர் மனை என்றால் அதை நாங்கள் பார்க்கக் கூடாது, வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். நான் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "இவன் ஒருத்தன வளத்ததே போதும், இன்னொருத்தனையும் வளக்கணுமா?" என்று சிரித்தே தட்டிக் கழித்தாள். காலமெல்லாம் அடுத்தவர் பள்ளிகளில் பாடம் நடத்தி, தலை நரைத்த பிறகு தனக்கென்று ஒரு சின்னப் பள்ளி வைக்கும் ஆசை கைக்கு எட்டியிருந்தது. நிலத்துக்காரர் காத்திருக்கிற ஆளில்லை. மண் சரியில்லை என்று தெரிந்தால் கிடங்கு கட்டக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மறுநாளே கொடுத்துவிடுவார். நல்ல சேதியை என் வாயாலேயே அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. என் பக்கம் இருந்த காரணம் அவ்வளவுதான். இதில் பெரிய குற்றம் எதுவும் இன்னும் வரவில்லை.

குழி தோண்ட வந்தவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜத்தில் அவர் யாருக்குச் சித்தப்பா என்று ஒருவருக்கும் தெரியாது. மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டுவார், அதைவிட வேகமாக வாயை ஓட்டுவார். மரத்தடிக் கட்டத்தில் வாளி மேலே வந்தபோது செங்கல் தூளுக்கு நடுவே சாம்பலும் வெள்ளையுமாக ஏதோ தொங்கியது. சித்தப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஒரு கொத்தைப் பிய்த்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, பஞ்சு மாதிரி இருக்கு? தலகாணி எதையாச்சும் பொதச்சுட்டாங்களா?"

சலவைக்கூடத்தில் கொதிகலனிலிருந்து போகும் நீராவிக் குழாய்களுக்குச் சூடு ஆறாமல் இருக்கச் சுற்றியிருந்த கல்நார் அது. அதிலேயே மோசமான ரகம், தொட்டால் உதிரும். இடித்தவர்கள் பிய்த்து மூலையில் குவித்து மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலையை நிறுத்தித் தண்ணீர் தெளித்து, இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். முகமூடிகள் என் பையில்தான் இருந்தன. மாட்டினால் சித்தப்பா ஏனென்று கேட்பார். அவர் காதுக்குப் போனது ஊர் முழுக்கப் போகும். அதனால் நான் இடம் மாறி நின்றேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது அது, தூசி எதிர்ப்பக்கம் போய்விடும். எதிர்ப்பக்கத்தில் சித்தப்பா இருந்தார்.

"பழைய சுண்ணாம்பு, சித்தப்பா. மூடிடுங்க. இங்க அடியில கான்கிரீட் இருக்கு, கொஞ்சம் தள்ளித் தோண்டிக்கலாம்."

"கான்கிரீட்டா? வாளில ஒண்ணும் தட்டலியே சார்."

"இருக்கு. மூடுங்க."

"சரி, உங்க குழி, உங்க இஷ்டம்." சட்டையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஏதோ பாட்டை முனகியபடியே குழியை மூடினார். அவரைச் சுற்றித் தூசி எழுந்து அடங்கியது. அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார். வீட்டில் யாராவது அதைத் துவைத்திருப்பார்கள்.

அடியில் தடை இருந்தால் குழியைச் சற்று நகர்த்தித் தோண்டலாம் என்பது எங்களுக்கு அனுமதிக்கப்பட்டதுதான், எல்லோரும் செய்கிறோம். நகர்த்தித் தோண்டிய இடத்தில் மண் சுத்தமாக இருந்தது. இன்னொரு பக்கம் பழைய எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. அதை நான் மறைக்கவில்லை. அந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்தச் சொல்லி, கூடவே நின்று செய்யவைத்தேன். ஒரு குறையை நாமே எடுத்துச் சொல்லிவிட்டால் இன்னொன்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இதுவும் அனுபவத்தில் தெரிந்ததுதான்.

மண் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது அக்கா என் தலையைத் தடவிக் கொடுத்தாள், எனக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்ததைக்கூட மறந்துபோய். திறப்பு நாளன்று பெற்றோர் எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தினாள்.

"என் தம்பி பாத்துச் சொன்ன எடம். கண்ண மூடிட்டுப் புள்ளைங்கள விடலாம்."

ஒரு தகப்பனார் வந்து கை கொடுத்தார். கையை இழுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. இழுக்கவில்லை, இன்னும் அழுத்திக் குலுக்கினேன். வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டு முற்றத்தை மரத்தடியில்தான் வைத்திருந்தார்கள். வேறெங்கே வைப்பார்கள்? மண்ணைக் கிளறி, மிருதுவாக்கி, மேலாக மணல் பரப்பியிருந்தார்கள். திறப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டு, "இங்க சிமெண்டு போட்டுடலாமேக்கா" என்றேன்.

"புள்ளைங்க விழுந்தா முட்டி பேந்துடும்டா. மண்ணுல ஆடட்டும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சொல்லிப் பார்த்தேனே என்று பல நாள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் வருவதற்கு முன் தினமும் காலையில் அக்காதான் அந்த முற்றத்தைப் பெருக்குவாள், ஆயா பெருக்கினால் மூலை முடுக்கெல்லாம் விட்டுவிடுகிறாளாம். போகும் வழியில் வெளிச்சுவருக்கு மேலாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குனிந்து பெருக்குவாள், தூசி அவள் முகத்துக்கு வரும். நான் கையசைத்துவிட்டுப் போய்விடுவேன்.

மனசுக்குள் ஒரு கணக்கும் வைத்திருந்தேன். அக்காவின் வயதுக்கு, அது வெளியே வருவதற்குள் வேறு ஏதாவது வந்துவிடும். பிள்ளைகளுக்கு வரும்போது அவர்கள் பெரியவர்களாகி ஆளுக்கொரு திசையில் இருப்பார்கள். டாக்டர்கள் சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்பார்கள். இந்த முற்றம் யாருக்கும் ஞாபகம் வராது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க இப்படி யோசித்தேன் என்று நினைக்காதீர்கள், அப்போது எனக்கு இது நிம்மதியாகவே இருந்தது. இப்போது உங்கள் முன்னால் சொல்லும்போது கூனிக் குறுகிப் போகிறேன்.

என் மகனுக்குப் பள்ளி வயது வந்தது.

"சொந்த அத்த பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு, அத விட்டுட்டு ஏங்க அவ்ளோ தூரம் அலையணும்?" என்று மனைவி கேட்டாள். அக்கா செல்லம் கொடுத்தே கெடுத்துவிடுவாள் என்றேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். "உன்னக் கெடுத்த மாதிரியா?" என்று சிரித்தாள். ஆனால் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. தன் பள்ளியை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவின் பள்ளியில் பெற்றோரெல்லாம் கூடுகிற ஒரு நாளில், போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று மனைவி பிடிவாதமாக எங்களை அழைத்துப் போனாள். நான் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது மகன் கையை உதறிவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டான். அன்றைக்கு நல்ல காற்று. பிள்ளைகள் மணலை அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே தோண்டித் தோண்டி மணலோடு அடிமண்ணும் மேலே வந்திருந்தது.

செருப்பு ஒன்று கழன்று போனதுகூடத் தெரியாமல் ஓடினேன். அவனை அள்ளித் தூக்கிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினேன். பக்கத்திலேயே ஒரு குழாய் இருந்தது, அதை விட்டுவிட்டுக் காற்று வரும் பக்கம் இருந்த குழாய்க்குப் போனேன். தலையைக் கழுவினேன், சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். புதுச் சட்டை. அவன் அழுதான்.

ஒரு சின்னப் பெண் எங்கள் பின்னாலேயே வந்து நின்றாள். கண் இமையெல்லாம் தூசி.

"மாமா, எனக்கும் தல கழுவி விடுறீங்களா?"

"நீ போய் வெளையாடும்மா" என்றேன்.

நிமிர்ந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியாது. என்னைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள், நான் எதற்குப் பயப்படுவேன், எதற்குப் பயப்பட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மணலுக்காக இப்படி ஓட மாட்டேன் என்றும் தெரியும். பிள்ளைகள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பிறகு சித்தப்பாவைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அவர் மறைக்க என்ன இருக்கிறது? மரத்தடியில் பஞ்சு மாதிரி வந்தது, சார் மூடச் சொன்னார் என்று சொல்லிவிட்டார். அக்கா பள்ளியைப் பூட்டினாள். வாசலிலேயே நின்று ஒவ்வொரு பெற்றோரிடமும் தன் வாயாலேயே சொன்னாள். சிலர் அழுதார்கள், ஒருவர் அவளை அடிக்கக் கை ஓங்கினாராம். என் பெயரை அவள் அங்கே எடுக்கவில்லை. நேராக உங்களிடம் வந்துதான் எடுத்தாள், அதற்காக எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை.

நீங்கள் என்னை அழைப்பதற்கு முன்பு ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே, உனக்காகத்தான்க்கா செய்தேன் என்றேன். நான் அதை முழுதாக நம்பித்தான் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்.

அக்கா தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்காகன்னா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லிருப்பியேக்கா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலும் அது விழுந்தது. ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். சித்தப்பா அந்தக் குழியை மூடிக்கொண்டிருந்தபோதே எனக்கு அது நன்றாகத் தெரியும்.