கேற்றுக்கு உள்ளே நசிந்த கால்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் செல்வரட்ணம் ஐயா அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் சட்டத்தரணி சாம்பவி அவர்களே, பனியைப் பொருட்படுத்தாமல் மில்லிக்கனிலிருந்தும் டோர்செட் பார்க்கிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைப் பிடித்தபடி பின்வரிசையில் நிற்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இலண்டனில் இருக்கும் என் தங்கை யோகமலர் ஒருநாள் தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, றோட்டிலை நசிஞ்சாத்தான் காலோ? கேற்றுக்கு உள்ளை நசிஞ்சா அது கால் இல்லையோ?"

முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். இந்தக் கேள்வியை மட்டும் இன்று உங்கள் முன் கொண்டுவந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இலண்டனில்தான் எங்கள் தம்பி நவரட்ணமும் இருக்கிறான். யோகமலருக்கு அவன் அண்ணன். ஒரு பழைய வான் வாங்கினான். லொறியில் ஏற்றி வந்து வீட்டின் பின் வளவில் இறக்கிக் கேற்றைப் பூட்டினார்கள். காப்புறுதி தொடங்குவது திங்கட்கிழமை. நல்ல நேரமோ வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு முன்னால். நம்மவர்கள் எதற்குக் காத்திருப்பார்கள், எதற்குக் காத்திருக்க மாட்டார்கள்?

சிரிக்கிறீர்கள். இங்கே ஒன்ராறியோவில், றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் புதுக் கார் கொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கையை இறக்குங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, வான் ஏறி நசுக்கவென்று நான்கு சில்லுக்கும் முன்னால் நான்கு தேசிக்காய் வைத்தார்கள். ஒன்று உருண்டது. அதைச் சரியாக வைக்க யோகமலர் குனிந்தாள். தம்பிக்கு அந்த வான் புதிது. பிறேக் என்று நினைத்து மற்றதை மிதித்தான். சுவருக்கும் வானுக்கும் நடுவே அவளுடைய வலது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் நின்று, நடக்க முடியாதவர்களைத் தூக்கி அமர்த்தியவள் அவள்.

சட்டம் என்ன சொன்னது? பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணையில் ஏணியில் நின்ற தொழிலாளியை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி இடித்து வீழ்த்தியது. வாகனம் தனியார் நிலத்தில் ஓடினாலும் கட்டாயக் காப்புறுதி வேண்டும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. பிறகு அந்தப் பாதுகாப்பையும் நீக்கியது. சாலையும் பொது இடமும் போதும் என்றது. இல்லாவிட்டால் எல்லோருடைய காப்புறுதிக் கட்டணமும் ஏறும் என்றார்கள். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காப்புறுதியில்லாத வாகனம் மோதியவர்களுக்குக் கைகொடுக்கவென்று காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் நிதி, பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டு என் தங்கைக்குக் கைவிரித்தது.

முன்வரிசையிலிருந்து என்ன கேட்கிறீர்கள், கிளிபோட்? வழக்குப் போட்டிருக்கலாமா? போடலாம். யார் மேல்? காப்புறுதி நிறுவனம் நிற்க வேண்டிய கூண்டில் கூடப்பிறந்தவன் அல்லவா நிற்கிறான்!

"என்மேலை போடு பிள்ளை. வீட்டை விக்கிறன்" என்றான் தம்பி.

"உன்ரை பிள்ளையளை எங்கை படுக்க வைப்பாய் அண்ணை?" என்றாள் அவள்.

வழக்குப் போடவில்லை. இரண்டு பிள்ளைகளோடு இன்று அவள் மாடிப்படி ஏற முடியாமல் கீழ் அறையிலேயே வாழ்கிறாள். தம்பி சாமான் வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விடுகிறான். அவளைப் பார்க்க அவனுக்கு முகம் இல்லை. கதவைத் திறந்தால் தெருவில் யாரும் இருப்பதில்லை என்று அவள் அழுகிறாள். ஒரு காலை வான் எடுத்தது. ஓர் அண்ணனை எது எடுத்தது?

அன்பானவர்களே, இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை எந்த மேடையிலும் சொல்லாதது. அன்று காலை, இங்கே இன்னும் விடியாத நேரம், தம்பி எனக்குத்தான் தொலைபேசி எடுத்தான். "இன்சூரன்ஸ் திங்கள்தான் அக்கா. பொறுக்கட்டோ?" என்றான்.

"வளவுக்குள்ளைதானே ஓடப்போறாய். பத்தரைக்கு முதல் எடு" என்றேன். நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னவள் நான். சட்டத்தைப் பாராமல் சொன்னவளும் நான்.

சட்டங்கள் மாறும். நாம் உறங்கும்போது மாறும், நமக்குச் சொல்லாமல் மாறும். மாறியது தெரியாத வீட்டில்தான் அது முதலில் நுழையும். ஒன்ராறியோவின் சட்டம் வேறு. அதைச் சாம்பவி விளக்குவார். அவர் சொல்வதை என்னைவிடக் கவனமாகக் கேளுங்கள்.

இந்தத் துயரைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். வீட்டுக்குப் போனதும் உங்கள் வாகனக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, அது யாருக்கு, எங்கே, எந்த நாளிலிருந்து துணை நிற்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.