எல்லா பாயிண்ட்டும் தோல் வேலைக்கு

இல்ல தம்பி, நீங்க ஆடுங்க. கையில இருக்கற போன மறைக்காதீங்க, நான் சும்மா பாக்கறேன். வேலூர்ல பஸ்ஸு ஏறுனதுலேர்ந்து பாத்துக்கினுதான் வர்றேன். நீங்கதான் தலைய நிமுத்தல.

கேமுல வர்ற இந்தப் பொம்பள ஆளு, இத யாரு செஞ்சது? நீங்களேவா? கண்ணு, மூக்கு, எல்லாமே? பரவால்லயே.

எனக்கும் இந்த கேம் தெரியும். ஆம்பூர் ஷூ கம்பெனில தைக்கிறவளுக்கு எப்டின்னு கேக்கறீங்களா? என் தம்பி கோபி ஆடுவான். பக்கத்துல உக்காந்து திட்டறது என் வேல.

அவன் ராணிப்பேட்டைல, தோல் கம்பெனில, தோல ஊறவைக்கிற டிரம்முல வேல செய்றான். அங்கயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பதினாறு நாளா போனு ஸ்விட்ச் ஆஃப். ரூம்லயும் இல்ல. இன்னிக்கி லீவு போட்டுட்டு ஒவ்வொரு கம்பெனி வாசலா போயி விசாரிச்சுட்டுதான் வர்றேன். ஒருத்தருக்கும் தெரியல.

இன்னா, எழுந்துக்கறீங்க? மாதனூர்ல எறங்கணுமா? ஆம்பூருக்குத்தானே டிக்கெட்டு வாங்கினீங்க? உக்காருங்க.

லெவல் ஏறுனா அஞ்சு பாயிண்ட்டு தர்றான் இல்ல? எல்லாரும் வாளுக்குப் போடுவாங்க, மந்திரத்துக்குப் போடுவாங்க. நீங்க இன்னாடான்னா மொத்தத்தையும் தோல் வேலைக்குப் போட்டு வச்சிருக்கீங்க. வாளு சைபர். ராட்சசன் வந்தா எதால அடிப்பீங்க, செருப்பாலயா?

சும்மா போட்டீங்களா? நாப்பது லெவலுமா?

கோபியும் இப்டித்தான். ஏண்டா, பகல் பூரா தோலு, இதுலயும் தோலான்னு கேட்டேன். இதுல நாறாதுக்கா, அப்டின்னான்.

அந்த ஆளோட கையி ஏன் வெளிர்நீலமா இருக்குது? ஆளு செய்யும்போது எத்தினியோ கலரு காட்டுமே. புடிச்சிருந்துச்சா? நான் சொல்லட்டா? மருந்துல ஊறி, டிரம்முலேர்ந்து வெளிய வர்ற தோலு அந்தக் கலர்லதான் இருக்கும். வெட் ப்ளூம்பாங்க. அங்க நின்னு அள்ளிப் போட்டவனுக்குத்தான் அந்தக் கலரு தோணும். உங்க கையி சுத்தமா இருக்குது தம்பி.

வேர்க்குது பாருங்க. ஜன்னலத் தொறந்துக்குங்க. நான் நவுர மாட்டேன். கண்டக்டரக் கூப்புடணுமா? கூப்புடுங்க. அவருகிட்ட பள்ளிகொண்டாவுலயே விஷயத்த சொல்லிட்டேன்.

கோபியோட போன நீங்க திருடுனீங்கன்னு நான் சொல்லல. யாருகிட்டனா வாங்கியிருப்பீங்க, கீழ கெடந்து எடுத்திருப்பீங்க. போனு எனக்கு வேணாம், நீங்களே வச்சிக்குங்க. கேஸு கீஸுன்னு உங்கள பேஜார் பண்ண மாட்டேன். எங்க கெடச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க.

இன்னும் அந்த ஆள நாந்தான் செஞ்சேன்றீங்களா? சரி. அந்த ஆளோட மூஞ்சியக் கொஞ்சம் பெருசாக்குங்க. எடது காதுக்குக் கீழ ரெண்டு மச்சம் இருக்குது. ஒண்ணு பெருசு, ஒண்ணு கடுகு மாரி.

இருங்க, என் காதுப் பக்கம் முடிய ஒதுக்கிக்கறேன். இப்ப தலைய நிமுத்தி என்னப் பாருங்க.

பாத்தீங்களா?

சொல்லுங்க தம்பி. கோபி எங்க?