செபாஸ்டியன் சேத்து வெச்சது

மத்தியானம் பன்னெண்டரை மணி. பருத்திப்பட்டு ஏரிக்கரை ரோடு.

இன்னாடா சிரிக்கிற? பேயின்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரணும்னு யார்னா சட்டம் போட்டு வெச்சிகீறாங்களா? உச்சி வேளைல புள்ளைங்கள வெளிய உட மாட்டாங்களே, அது எதுக்குன்னு நெனச்ச? கம்முனு கேளு. அந்த மெழுகுவத்திய இந்தாண்ட தள்ளி வை, அணைஞ்சிடப்போவுது. கரெண்டு இப்போதைக்கி வராது.

இது எனக்கு நடந்தது இல்ல. எங்கூட வேலை செய்றானே ஜெயபாலு, அவன் மச்சான் ராயப்பனுக்கு நடந்தது. தொண்ணூத்தெட்டு, மே மாசம். அம்பத்தூர்ல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருந்தான். வாய்னா வாய், அப்பிடி ஒரு வாய் மாமே! கோயில் திருநான்னா மைக்கு அவன் கைலதான். மைக்கு இல்லன்னாலும் ரெண்டு தெரு தாண்டி கேக்கும். வேலை செய்யும்போதுகூட மெஷின திட்டிகினேதான் செய்வான். கையும் அதே மாதிரிதான். கம்ப்யூட்டர்ல எதுனா வேண்டாதது மாதிரி கண்ணுல பட்டா போதும், மொதல்ல அழிச்சிடுவான், அப்பால தான் கேப்பான். "கொஞ்சம் அடங்குடா"ன்னு சொல்லிச் சொல்லி ஜெயபாலுக்கு அலுத்தே பூடுச்சு.

அன்னிக்கி வெயிலு மண்டைய பொளக்குது. ரோட்டுல ஈ காக்கா இல்ல. ஏரி பாதி வத்திப்போயி ஒரே சேத்து நாத்தம். டிவிஎஸ்ல பைய மாட்டிகினு போய்கினே கீறான்... திடீர்னு வேற ஒரு வாசனை. கிரீஸு. அதுகூட சிவப்பு சோப்பு. ஷிஃப்ட் முடிச்சி குளிச்சிட்டு வர்ற ஆளு பக்கத்துல ஒரசிகினு போனா எப்பிடி அடிக்கும், அந்த வாசனை. திரும்பிப் பாத்தான். யாரும் இல்ல.

அவன் போனது செலின் அக்கா ஊட்டுக்கு. அந்தம்மா புருஷன் செபாஸ்டியன், ஆவடில ஃபேக்டரி வேலை. ஒரு வருஷம் முன்னாடி நைட் ஷிஃப்டுக்குப் போன மனுஷன் நெஞ்சப் புடிச்சிகினு உக்காந்தவன்தான், எந்திரிக்கவே இல்ல. பாவம், சின்ன வயசு. ஒரே பொண்ணு, ரோஸி. அப்ப நாலு வயசு நடக்குது.

செபாஸ்டியனுக்கு கம்ப்யூட்டர் பைத்தியம். ரிச்சி தெருல உதிரி உதிரியா வாங்கி அவனே மாட்டுன மெஷின். அதுல ரெண்டு டிஸ்க்கு. ரெண்டாவது சின்னது, இருநூறு எம்பி. பொண்ணு பெருசானா கேக்கட்டும்னு, தெனம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி மைக் வெச்சி அதுல பேசிப் பதிஞ்சி வெப்பானாம். ஒரு தடவைக்கு ஒரு நிமிஷந்தான் பதியும். அவன் செத்த அன்னிக்கே அந்த டிஸ்க்க மெஷின் கண்டுக்காம உட்டுடுச்சு. யாரோ கழட்டிக் குடுத்தாங்க. அந்தம்மா அத அவன் சட்டைல சுத்தி, பிஸ்கெட் டப்பால போட்டு, பாச்சா உருண்டையோட பீரோவுல பூட்டி வெச்சிட்டாங்க. ஒரு வருஷமா அது அங்கதான் கெடந்துச்சு. இத நல்லா ஞாபகம் வெச்சிக்கோ.

"தம்பி, ரோஸிக்கு அவ அப்பா கொரலே மறந்து போச்சு"ன்னாங்க செலின் அக்கா. "போட்டோவ காட்டுனா அப்பான்னு சொல்றா. எப்பிடி பேசுவாருன்னு கேட்டா முழிக்கிறா. எனக்கே இப்பல்லாம் நெனச்சுப் பாத்தா சரியா வர மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம வருஷப் பூசை. அதுக்குள்ள ஒரே ஒரு தடவ அவ கேட்டுடணும்."

"கவலையே படாதக்கா, ராயப்பன் கை வெச்சா பொணம்கூட எந்திரிச்சி உக்காரும்!"

சொல்ற பேச்சா இது? சொன்ன அப்பால நாக்கக் கடிச்சிகினான். உள்ள பாயில கொழந்த தூங்கிகினு கீது. அந்தம்மா போயி டப்பாவ எடுத்துகினு வந்து குடுத்தாங்க.

மாட்டுனான். ஸ்கிரீன்ல மொத டிஸ்க்கு பேரு வருது. ரெண்டாவதுக்கு நேரா, இல்லைன்னு காட்டுது. பட்டை ஒயர மாத்துனான். இல்ல. டிஸ்க்கு பின்னாடி கீற குட்டி கிளிப்ப எடம் மாத்திப் போட்டான். இல்ல. கழட்டி, உள்ளங்கைல வெச்சி, பக்கவாட்டுல லேசா தட்டுனான். சில டிஸ்க்கு உள்ள சிக்கிகினு இருந்தா அப்பிடித் தட்டுனா சுத்தும். ம்ஹூம். அவனுக்கு வேர்த்து ஊத்துது, கை பரபரங்குது. "டேய் பேமானி, எந்திரிடா!"ன்னு கத்திகினே நாலாவது தடவ அவசர அவசரமா மாட்டி சுச்சிப் போட்டான்.

கிர்ர்ர்ர்ர்... டிக்.

வந்துடுச்சி! செலின் அக்கா கைய கூப்புனாங்க. ராயப்பன் உள்ள போயி பாக்குறான்... லிஸ்ட்டு ஓடுது, ஓடுது, ஓடிகினே கீது. முன்னூறுக்கு மேல. நாளுக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே சைஸு, ஒரு நிமிஷம். ஆனா தேதி... செபாஸ்டியன பொதைச்ச அன்னிக்கி ராத்திரி ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்ல.

"பேட்டரி வீக்கா இருந்தா தேதி கண்டபடி காட்டும்க்கா"ன்னு சொல்லிகினே நடுவுல ஒண்ண தட்டுனான்.

குக்கர் விசில். அப்பால செலின் அக்கா கொரலு. "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுடி தங்கம்." அவ்ளோதான்.

அடுத்தது. கொழந்த இருமுது. அந்தம்மா முதுகத் தடவுற சத்தம்.

அடுத்தது. ஜெபமாலை சொல்றாங்க. அடுத்தது... தலகாணில மூஞ்சப் பொத்திகினு ஒரு பொம்பள அழுவுறாங்க. "ஏன்யா என்ன உட்டுட்டுப் போன?" எல்லாத்துலயும் பின்னாடி ஒரே ஒரு சத்தம். டிக்... டிக்... யாரோ கம்முனு உக்காந்து கேட்டுகினு இருக்குற மாதிரி.

செலின் அக்கா அப்பிடியே செவுத்தப் புடிச்சிகினாங்க. "இது... இத நான் யார்கிட்டயும் காட்டிக்கலையே தம்பி. கதவ சாத்திட்டுதான அழுதேன். அவரு பேசுனது எங்க?"

"அழிஞ்சிகீதுக்கா. டிஸ்க்கு ஃபுல்லு. எடம் பத்தலன்னு பழச அழிச்சிட்டு, அது மேலயே இதெல்லாம் எழுதிகீது. அது இனிமே வராது."

"யாரு எழுதுனது?"

ராயப்பன் மெஷின் பக்கம் திரும்பிட்டான். டிஸ்க்கு சூடாவுதான்னு கைய உள்ள உட்டுப் பாத்தான். நல்லா சுடுது. சுத்துறது விரல்ல தெரியுது. அப்பதான் பாத்தான்... டிஸ்க்குக்கு கரெண்டு வர்ற ஒயரு. அவசரத்துல அத மாட்டவே இல்ல. நாலு ஓட்டை பிளக்கு அதும்பாட்டுக்குத் தொங்கிகினு கீது.

கிரீஸு வாசனை. சிவப்பு சோப்பு. அவன் பொடனிக்குப் பின்னால.

பயம் வந்தா ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொண்ணு. அவன் கை அதுக்குத் தெரிஞ்சத செஞ்சிடுச்சி. லிஸ்ட்டுல மொதல்ல இருந்தத அழிச்சிட்டான். பொதைச்ச அன்னிக்கி ராத்திரி பதிஞ்சது. அந்த ஒரு நிமிஷத்துல இன்னா இருந்துச்சோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். யாருமே கேக்கல அத.

டிக் சத்தம் நின்னுச்சு.

எப்ப எந்திரிச்சி வந்துச்சோ தெரியல, ரோஸி ஸ்பீக்கராண்ட உக்காந்துகினு கீது. காத அதுல ஒட்டி வெச்சிகினு. ஸ்பீக்கர்ல இவங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கல. கொழந்த சிரிக்குது. "ம்... ம்... சாப்ட்டேன்பா."

"ரோஸி! யாருகூடடி பேசுற?"

"அப்பா. எடமே இல்லையாம்மா. அதான் அவரு பேசுனத அழிச்சிட்டாராம். நம்ம பேசுறது இருந்தா போதுமாம்."

செலின் அக்கா வாயப் பொத்திகினு கீழ உக்காந்துட்டாங்க. கொழந்த மறுபடி காத வெச்சி கேட்டுச்சு. அப்பால மெதுவா ராயப்பன் பக்கம் திரும்புச்சு.

"மாமா, நீ ஒண்ண அழிச்சிட்டியாமே? அதுக்கு பதிலு உன்னுது அழிச்சிக்கிறாராம்."

ராயப்பன் பைய வாரிகினு எந்திரிச்சான். அந்தம்மா அவன் பக்கம் பாக்கக்கூட இல்ல. டிஸ்க்க பொறுமையா கழட்டி, சட்டைல சுத்தி, டப்பால வெச்சாங்க. மூடிய மூடல. குனிஞ்சி அதுக்குள்ள பேசுறாங்க. "ரோஸி சாப்ட்டாங்க. நானும் சாப்ட்டேன். மத்தியானம் பருப்பு வெச்சேன்..." வாசல் தாண்டுற வரைக்கும் அந்தக் கொரலு அவனுக்குக் கேட்டுகினே இருந்துச்சாம்.

ஜெயபால்கிட்ட இதெல்லாம் அவன் வாயால சொல்லல மாமே. நோட்டுல எழுதிக் காமிச்சான், பதினோரு பக்கம். டாக்டரு டார்ச் அடிச்சிப் பாத்துட்டு, தொண்டைல ஒண்ணியும் இல்ல, எல்லாம் நல்லாத்தான் கீதுன்னாரு. இன்னி வரைக்கும் ஒரு வார்த்த வரல.

பாவம், அவன் பொண்டாட்டி ஒரு நாளு அழுதுகினே, போன வருஷத்து திருநா கேசட்ட தேடி எடுத்துப் போட்டுச்சாம். அவன் கொரலையாவது கேக்கலாம்னு. ஜெயபாலும் கூட உக்காந்து கேட்டான். வெடிச் சத்தம் கீது. பேண்டு கீது. ஜனம் கைதட்டுறது கீது. ராயப்பன் மைக்குல பேசுற எடம் வந்துச்சி...

டிக்.