உபயக் கண்ணாடி

— மறுபடியும் ஜன்னலா? ரோகினி டீச்சர், கண்ணாடி முகப்பு வச்ச பாலர்பள்ளி இந்தத் தோட்டப் பக்கத்துலயே இது ஒண்ணுதான்லா. இதுல போய் ஓட்டை போடச் சொல்றீங்க!

— ஓட்டை வேண்டாம், இராஜமாணிக்கம் ஐயா. இரண்டு ஜன்னல் போதும். நேற்று மதிய வகுப்பில் செல்லத்தின் மகள் மயங்கி விழுந்தாள். முகத்தில் தெளிக்கத் தண்ணீர் எடுத்தேன், அதுவும் சுட்டது.

— பசியாறாம வந்திருக்கும். இந்தப் பிளான் யாரு போட்டது? என் தம்பி மகன் சசிதரன், லண்டன்ல இருக்கான். ரெட்டைக் கண்ணாடி! உள்ள இருக்கிற சூடு துளிகூட வெளிய போகாதுன்னு அடிச்சுச் சொன்னான்.

— சொன்ன சொல் தவறவில்லை. அங்கே பனி பெய்கிறது, சூட்டைப் பூட்டி வைக்கிறார்கள். மலேசிய வெயிலில், இந்தப் பகாவ் ஊரில் நமக்கு எதற்கு அந்தச் சேமிப்பு?

— அவன் முகப்பைத் தெக்கேதான் வரைஞ்சான். நான்தான் மேக்கே திருப்பினேன். பெரிய ரோடு அங்கதானே? பஸ்ஸுல போறவன்கூட கண்ணாடியில எழுதின உபயக்காரங்க பேரைப் படிக்கணும்.

— படிக்கிறார்கள். வெயிலும் அந்தப் பெயர்களின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பிள்ளைகளின் முதுகில் உபயக்காரர் பெயர்கள் நிழலாக விழுகின்றன.

— புண்ணியந்தானே! ஏர்கான் வரும், பொறுங்க.

— ஓராண்டாக வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் உபயக்காரர் இல்லை?

— அதுல பேர் எழுத இடம் கம்மியாம்.

— ஆகையால்தான் ஜன்னல் கேட்கிறேன். உபயக்காரர் மகேந்திரன் தம் பெயர் உள்ள கண்ணாடியைக் கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். இரண்டாவது ஜன்னலுக்குக் கழற்ற வேண்டிய பக்கத்துக் கண்ணாடி உங்கள் தந்தையாருடையது.

— ஆறுமுகம் கங்காணி பேரையா? சுவர் இருக்கிறவரைக்கும் அது இருக்கும்!

— ஜன்னல் இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்கிறார்கள் பெற்றோர். பிள்ளைகள் இல்லாத பாலர்பள்ளிக்குத் தலைவராக இருப்பீர்களா?

— மிரட்டுறீங்களா? ஆமா, இந்த நாற்காலி ஏன் இப்படிக் கொதிக்குது?

— அந்தப் புறம் நகர்ந்து அமருங்கள். அங்கே உங்கள் சித்தப்பாவின் உபயம்.

— அங்கயும் சுடுதே! சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு... தண்ணி குடுங்க. இதென்ன, தேத்தண்ணி கலக்கலாம்போல இருக்கு!

— பிள்ளைகள் குடிப்பது அதுதான்.

— மூச்சு முட்டுதுலா! உள்ள வச்சுப் பூட்டித்தான் சம்மதம் வாங்கப் பாக்கிறீங்களா? சரி, கழட்டுங்க! எங்கப்பா பேரையே முதல்ல கழட்டுங்க! எனக்குப் பின்னால இருக்கிற கதவை இப்பவாச்சும் திறந்துவிடுங்க டீச்சர்!

— நீங்கள் வந்ததிலிருந்து அது திறந்துதான் இருக்கிறது, தலைவரே.