எட்டாம் பத்தியை உரக்க வாசித்த சந்தனமேரி அக்காவுக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் வெள்ளுடையில் வலம்வந்த விளக்கே! கட்டுமாவடிக் கடற்கரையில் தொடங்கி, புதுக்கோட்டையில் எங்கள் மகப்பேறின்மை ஆராய்ச்சிப் பிரிவின் தலைமைச் செவிலியராகப் பணி நிறைவு காணும் சந்தனமேரி அக்கா அவர்களே! வணக்கம்.

பொறுமையின் பொற்குடமே என்று தொடர்ந்தால் தாங்கள் சிரித்துவிடுவீர்கள். தேநீர் ஆறிப்போகும்வரை ஒரே நோயாளியிடம் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்ற குறையும் எங்களுக்கு உண்டு. ஆகவே புகழ்மொழியைக் குறைத்து, உரியவர் சம்மதத்தோடு, நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

திருவரங்குளத்துக் கார்த்திகாவுக்கு இருபத்தொன்பது வயதிலேயே மாதவிலக்கு நின்றுபோனது. அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்துச் சினைப்பையில் செலுத்திப் பார்க்கும் ஆய்வில் சேர்ந்தார். நான்காம் மாதம் விலக்கு வந்தது. உடனிருந்த தாயார் சொர்ணத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருடமான மகளுக்கு மறுபடியும் சடங்கு வைத்துவிட்டார்! இரத்த மாதிரி எடுக்கத் தாங்கள் போனபோது வாசலில் பந்தல், மைக்செட். கீற்றுக் குடிசைக்குள் பட்டுச்சேலையோடு முகத்தை மூடிக்கொண்டிருந்த கார்த்திகா.

"தங்கச்சி மகளுக்கு ரெண்டு தடவ சீர் தூக்குன தாய்மாமன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான் சிஸ்டர்!" என்றார் மாமா சேவுகன்.

சிரித்தீர்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். கை கழுவிய பிறகுதான் சொன்னீர்கள்: "இது ஆராய்ச்சிங்க. வந்தது நிக்கவும் செய்யலாம். நின்னா யாரு குத்தமும் இல்ல."

மூன்றே மாதத்தில் நின்றது. மீண்டும் ஒருமுறை மஜ்ஜை எடுத்துச் செய்ய ஆய்வில் இடமிருந்தது. வீடே "இன்னொரு தடவதானே" என்றது. கார்த்திகாவுக்கு உடம்பும் மனமும் ஓய்ந்துவிட்டன. ஆனால் ஊரைக் கூட்டிச் சடங்கு வைத்த ஆத்தாவின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒப்புதல் படிவத்தின்மேல் பேனாவை வைத்தபடி அவர் எழுதாமல் உட்கார்ந்திருந்ததைத் தாங்கள்தான் கவனித்தீர்கள். மகள், தாயார், கணவர் மூவரையும் உட்காரவைத்து அதன் எட்டாம் பத்தியை உரக்க வாசித்தீர்கள்: பங்கேற்பவர் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

"கையெழுத்துப் போடாமயும் எந்திரிச்சுப் போகலாமா நர்ஸம்மா?" என்று கேட்டவர் சொர்ணம்.

"தாராளமாப் போகலாங்க."

சொர்ணம் மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு வேணுமான்னு நான் ஒரு நாளும் கேக்கலயே... எந்திரி ஆத்தா, வீட்டுக்குப் போவோம். எனக்கு நீ இருந்தாப் போதும்."

கணவர் ஆனந்தராஜ் விட்ட பெருமூச்சு, பக்கத்து அறை வரைக்கும் கேட்டது.

சொர்ணம் சென்ற தை மாதம் காலமானார். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் தாயும் மகளும் ஊசிக்கும் தேதிக்கும் காத்திருக்கவில்லை. நண்டுக் குழம்பு வைத்தார்கள். சீரியல் பார்த்துச் சண்டை போட்டார்கள். ஒருமுறை சித்தன்னவாசல் பாறையில் பாதிவரை ஏறி, மூச்சு வாங்கி, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஆராய்ச்சி தராத வரம் அது அக்கா; தங்கள் குரல் தந்தது.

இந்த ஆய்வு ஒருநாள் கனியட்டும், ஏங்கும் பெண்களுக்குக் கைகொடுக்கட்டும். அதுவரை எட்டாம் பத்தியை வாசிக்க ஆள் இருக்கிறது, கவலையின்றிப் போய்வாருங்கள். நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழுங்கள். இனியாவது தேநீரைச் சூடாகக் குடியுங்கள்!

பிரிவின் பணியாளர்கள் அனைவருக்காகவும்,
கார்த்திகா ஆனந்தராஜ்,
ஒப்புதல் படிவ உதவியாளர்,
புதுக்கோட்டை.