ஐந்தாம் நம்பர்

ராத்திரி பதினொன்று பத்து. ஆரணியிலிருந்து சேவூர் போகிற ரோடு. தறிச் சத்தம் ஓய்ந்து, வயலில் தவளை மட்டும் கத்துகிற நேரம்... கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்லக்கூடிய கதையில்லை இது. நம் பரிமளாவின் சித்தப்பா ஹேமநாத்துக்கு நடந்தது.

2001, ஆனி மாதக் கடைசி நாள். பட்டு வியாபாரி வீரபாகு, புடவை டிசைன் போடும் ஆபீசை ஆரணி பஜாரிலிருந்து சேவூருக்கு மாற்றினார். விடிந்தால் ஆடி. அதற்குள் எல்லாச் சாமானும் புது இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் பொறுப்பு ஹேமநாத்துக்கும் அவன் கூட்டாளி மாணிக்கவேலுக்கும். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர். நான்கை டெம்போவில் ஏற்றியாயிற்று. ஐந்தாவதில் ஒரு பார்டர் டிசைன் இன்னும் பிரின்ட் ஆகிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சதும் உன் வண்டியில வெச்சி ஜல்தி எடுத்துகினு வாடா. ஆடி பொறந்துட்டா முதலாளிகிட்ட எவன் பேஜார் படறது?" என்றான் ஹேமநாத்.

"நீ போய் அந்த நாலையும் பேச வை. நான் வர்றதுக்குள்ள ஒண்ணாவது வாயத் தொறக்குதான்னு பாப்போம்" என்று சிரித்தான் மாணிக்கவேல்.

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைப்பது நெட்வொர்க் கார்டு. வண்டி குலுங்கினால் அது கழன்றுவிடும். அதனால் இருவருக்கும் ஒரு பழக்கம்... கார்டை உருவி, காகிதத்தில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

சேவூரில் மாடி அறை. ஹேமநாத் நான்கு கார்டையும் செருகி, வயர் மாட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்தான். சோதனை எளிது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றின் நம்பரை அடித்தால், அது நான்கு தடவை 'இருக்கியா?' என்று கேட்கும். அங்கே ஆள் இருந்தால் நான்கு தடவை 'இருக்கேன்' என்று பதில் வரும்.

இரண்டாம் நம்பர் பதில் சொன்னது. மூன்றும் சொன்னது. நான்கு சொல்லவில்லை. மறுபடி அடிக்கும்போது விரல் தவறி ஐந்தாம் நம்பரை அடித்துவிட்டான்.

பதில் வந்தது. நான்கு தடவை.

ஐந்து இன்னும் வரவே இல்லையே...

எதற்கோ நம்பரைத் தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தான். நான்கையும் திறந்தான். கார்டுகளைக் கழற்றி, பொன்னிறப் பற்களை ரப்பரால் அழுத்தித் தேய்த்து, இடம் மாற்றிச் செருகினான். நம்பர்களைச் சரிபார்த்தான். எல்லாம் சரி. ஐந்தைக் கூப்பிட்டான். பதில். மற்ற மூன்றையும் அணைத்துவிட்டுக் கூப்பிட்டான். அப்போதும் பதில்... மெதுவாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்குவது போல.

எரிச்சலோடு வயரையே பிடுங்கிவிட்டுக் கூப்பிட்டான். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு.

நாற்பது நிமிஷம் இப்படியே போனது. பக்கத்திலேயே ஜன்னல். எழுந்து நின்றிருந்தால் ரோட்டு வளைவு தெரிந்திருக்கும். அவன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குப் பதில் நின்றது.

"அப்பாடா, சரியாயிடுச்சி" என்று மூச்சு விட்டான் ஹேமநாத்.

கொஞ்ச நேரத்தில் கீழே ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற தறிக்காரன் தருமன்.

"வளைவுல, மதகு கீழ ஒருத்தரு வண்டியோட உழுந்து கெடக்கறாருங்க. உங்க ஆளுதானான்னு வந்து பாருங்க!"

ஓடினான். பெட்ரோல் நெடி. சேற்று வாடை. சாக்குக்குள் கம்ப்யூட்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மாணிக்கவேலின் கை சில்லிட்டிருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். துடிப்பில்லை. சட்டைப் பையில் காகிதம் சுற்றிய கார்டு மட்டும்... ஓடுகிற கம்ப்யூட்டரிலிருந்து அப்போதுதான் உருவியது போலச் சுட்டது.

"நான் வந்தப்போ உசுரு இருந்திச்சிங்க" என்றான் தருமன். "ஒத்த ஆளா தூக்கித் தூக்கிப் பாத்தேன், முடியல. வெளிச்சம் எரிஞ்ச உங்க ஜன்னலயே பாத்துகினு, யாருக்கோ பதில் சொல்ற மாரி பேசிகினே இருந்தாரு."

"என்னான்னு?"

"இருக்கேன்... இருக்கேன்னு. நாலு தடவ சொல்லுவாரு, நிறுத்திடுவாரு. கொஞ்ச நேரம் கழிச்சி... மறுபடி நாலு."