எங்கள் அக்காவுக்குச் சலவைக்கூடத்தின் மடல்

வெள்ளை விரிப்பில் விரலகலச் சுருக்கத்தையும் விட்டுவைக்காத வித்தகியே! வாசலில் விருந்தினர் வந்து நின்றாலும், வாளித் தண்ணீர் கலங்கியிருந்தால் தரையைத் துடைக்கவிடாத தலைவியே! இருபத்தெட்டு ஆண்டுகள் இவ்விடுதியின் இண்டு இடுக்கையெல்லாம் கட்டி ஆண்ட எங்கள் அறைப் பராமரிப்புத் தலைவியே! அன்புக்கும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய அக்கா! பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில், சலவைக்கூடத்தார் முப்பத்துநால்வரும் எழுந்து நின்று இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

தாங்கள் வந்து சேர்ந்தபோது இது பத்தொன்பது அறைகள் கொண்ட ஒற்றை விடுதி. மாடி மூலையறையில் கூரை சரிந்திருப்பதால் தச்சர் அங்கே குட்டைக் கட்டில் செய்து போட்டார்; தோட்டத்தைப் பார்த்த அறைக்கோ நெட்டைக் கட்டில். ஒன்றைப் போல் ஒன்றில்லாத அந்தப் பத்தொன்பதின் அளவும் தங்களுக்கு மனப்பாடம். தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்த்துவிட்டால், "கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்று தொடங்குவீர்கள், முடிய அரைமணி நேரம் ஆகும். தங்களைத் திட்டிக்கொண்டேதான் மடித்தோம் என்பதை இன்று பத்தடி தூரத்தில் நிற்கும் தைரியத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

ஆறாண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் நம் விடுதியை வாங்கியது. இந்நகரில் இதுபோன்ற எட்டுச் சிறு விடுதிகளை அது முன்பே வாங்கியிருந்தது. ஒன்பதும் ஒரே பெயருக்குள் வந்தன. ஒரே சீருடை, ஒரே சோப்பு, ஒரே புன்னகை. குறை சொல்லவில்லை, ஒழுகிய கூரை சரியானதும் அவர்கள் வந்த பிறகுதான். ஆனால் மற்ற எட்டிலும் சலவைக்கூடம் கிடையாது; துணி வெளி ஒப்பந்தக்காரரிடம் போய்வந்தது. நம் கூடத்தையும் மூடப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. அன்றிருந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் அன்று மாலையே வேறு வேலை விசாரிக்கத் தொடங்கினோம்.

சில நாளில் ஒப்பந்தக்காரர் ஒன்பது விடுதிகளுக்கும் ஒரே அளவில் விரிப்புகள் தைத்து அனுப்பினார். தாங்கள் மறுபேச்சுப் பேசாமல் பத்தொன்பது கட்டில்களிலும் அவற்றை விரித்தீர்கள். "அக்கா கம்பெனி பக்கம் சாஞ்சிட்டாங்க" என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தோம். அப்புறம் தலைமை அலுவலக இயக்குநரை வரவழைத்து அறை அறையாக அழைத்துப் போனீர்களே, அடடா! குட்டைக் கட்டிலில் விரிப்பு தரையைப் பெருக்கியது. நெட்டைக் கட்டிலில் மெத்தையின் கால்மாடு அம்மணமாய்க் கிடந்தது. பதினோராம் அறையில் அவர், "போதும்மா, புரிஞ்சிடுச்சு" என்றார்.

"இன்னும் எட்டு இருக்கு, வாங்க சார்" என்றீர்கள்.

கடைசி அறையில் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "சரி, இப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"ஒவ்வொரு அறையும் தனி அழகுன்னு விளம்பரம் போடுறது நீங்கதானே? அளவு தெரிஞ்ச ஆளுங்க கீழ இருக்காங்க. மத்த எட்டு எடத்துத் துணியையும் இங்க அனுப்புங்க."

அனுப்பினார்கள்! மூடவிருந்த கூடத்தில் இப்போது ஒன்பது விடுதிகளின் துணியும் வெளுக்கிறது. புதிதாக இருபத்திரண்டு பேருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது.

இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. சென்ற வாரம் தங்கள் ஓய்வுக் கோப்பைத் தயார் செய்த அலுவலகத் தோழி, அதிலிருந்த ஒரு பழைய தாளை எங்களிடம் காட்டினார். விரிப்புகள் வருவதற்கு முன்பே, கூடத்தை மூடும்போது வேறு வேலை தராமல் நீக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கொடுத்தால் ஒன்பது விடுதிகளுக்கும் தாங்களே தலைவி என்றும் எழுதியிருக்கிறார்கள். பட்டியலைத் தாங்கள் அனுப்பித்தான் இருக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு பெயர், தங்களுடையது. அதற்குப் பதில் வராத நாட்களில்தான் அந்த இயக்குநரைப் பத்தொன்பது அறைகளுக்கும் நடத்தியிருக்கிறீர்கள்.

ஏன் அக்கா, ஆறு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை? முணுமுணுத்த வாய்களெல்லாம் இன்று சபையறிய மன்னிப்புக் கேட்கின்றன.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, மகள் வீட்டில் பேரப்பிள்ளைகள் சூழ, பிறர் விரித்த படுக்கையில் பொழுது ஏறும்வரை உறங்கி, நூறாண்டு நலமாய் வாழ்க! விரிப்பில் சுருக்கம் இருந்தாலும் எழுந்து சரிசெய்யாமல் இருக்கும் வரமும் தங்களுக்கு வாய்க்க வேண்டும்.

இங்ஙனம்,
தாங்கள் எழுத மறுத்த பன்னிரண்டு பேரும்,
அதனால் வேலை கிடைத்த இருபத்திரண்டு பேரும்.